வட்டி குறைந்தும் தவணை குறையாதது ஏன்? 45 வயதுக்கு மேல் வீட்டுக் கடன் கட்டுபவர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ரிசர்வ் வங்கி 2025-ல் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குப் பணம் கொடுக்கத் தான் வாங்கும் வட்டியைக் குறைத்தது. 6.50 சதவீதம் 5.25 ஆக இறங்கியது. ஒவ்வொரு முறையும் வீட்டுக் கடன் மலிவாகப் போகிறது என்றுதான் செய்தி வந்தது. அடுத்த மாதம் கணக்கில் பிடித்த தொகையைப் பார்த்தால் பலருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

தவணைத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இன்னொரு மாற்றம் கண்ணில் படாமலே போகிறது. கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட தாளில் கடைசித் தவணை 2041 என்று இருக்கும். இன்று வங்கிச் செயலியைத் திறந்தால் அது 2050-ஐத் தாண்டி நிற்கலாம். முப்பது வயதுக்காரருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தொழிலை நிலைநிறுத்தி, நாற்பதுக்கு மேல் வீடு கட்டியவருக்கோ கடைசிச் சம்பளம் ஒரு பக்கமும் கடைசித் தவணை வேறு பக்கமுமாகப் பிரிந்துபோகிற விஷயம் இது. எப்படி இப்படி ஆகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தவணைக்குள் இருப்பவை

மாதாமாதம் நாம் கட்டும் இ.எம்.ஐ. இரண்டு பங்காகப் பிரிகிறது. முதலில் அந்த மாதத்து வட்டி எடுத்துக்கொள்ளப்படும். மிச்சம்தான் அசலில் கழியும். கடனின் தொடக்க ஆண்டுகளில் நிலுவை பெரிதாக இருப்பதால் தவணையின் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும். அசல் கரைவது பின்பாதியில்தான்.

வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். 2019 அக்டோபர் 1 முதல் வணிக வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ஒரு வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். பல வங்கிகள் எடுத்துக்கொண்ட அளவுகோல் ரெப்போ விகிதம். ரெப்போவோடு வங்கி தன் பங்காகக் குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி நமக்கு வட்டி போடுகிறது. வீட்டுக் கடன் நிறுவனங்கள் இந்த விதிக்குள் வருவதில்லை. அவை தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன. அங்கே கடன் வாங்கியவருக்கு ரெப்போ குறைப்பு அப்படியே வந்து சேரும் என்ற உறுதி கிடையாது. 2019-க்கு முன் வங்கியில் வாங்கிய பழைய கடன் இன்னும் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

43 வயதுக்காரரின் கடன் 80 வயதுவரை நீண்ட கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2021 தொடக்கத்தில், 41 வயதில், ஒருவர் 30 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி 7 சதவீதம், காலம் 20 ஆண்டு.

1. தவணை 23,259 ரூபாய். 61 வயதில் கடன் முடியும். அன்றைக்கு இது சரியான முடிவாகவே தெரிந்தது.

2. இரண்டு ஆண்டுகள் கழித்து நிலுவை சுமார் 28.52 லட்சம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.50-க்கு ஏறியது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்த ஏற்றம் முழுவதும் 2023 தொடக்கத்தில் ஒரே நாளில் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் வட்டி 9.5 சதவீதம் ஆகிறது.

3. இப்போது ஒரு மாத வட்டி மட்டும் 22,579 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசலில் கழிவது 680 ரூபாய். முப்பது லட்சம் கடனில் மாதம் 680 ரூபாய்!

4. அந்த வேகத்தில் போனால் கடன் முடிய இன்னும் 448 மாதங்கள், 37 ஆண்டுக்கும் மேல். 43 வயதுக்காரர் 80 வயதுவரை கட்ட வேண்டும்.

5. பழையபடி 61 வயதிலேயே முடிக்க வேண்டுமென்றால் தவணையை 27,606 ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். மாதம் கூடுதலாக ஏறத்தாழ 4,350 ரூபாய்.

வட்டி ஏறும்போது வங்கிகள் வழக்கமாகத் தவணையில் கைவைப்பதில்லை, காலத்தைத்தான் நீட்டும். மாதம் பிடிக்கும் தொகை மாறாததால் யாரும் கவனிப்பதில்லை, புகாரும் வராது. கடன்தாரரின் வயது வரம்பைத் தாண்டும்போதோ, தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறத் தொடங்கும்போதோதான் தவணையை உயர்த்துவார்கள். அந்த வயது வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். 70 வயதுவரை விடும் வங்கிகளும் உண்டு. நமக்கு 58-லோ 60-லோ வருமானம் நின்றுவிடும் என்பது அவர்களுடைய கணக்கில் முழுமையாக ஏறுவதில்லை.

வட்டி இறங்கும்போதும் இதே வழக்கம்தான், திசை மட்டும் மாறுகிறது. தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கிறார்கள். மேலே சொன்னவர் 27,606 ரூபாயை இரண்டு ஆண்டு கட்டியிருந்தால் நிலுவை சுமார் 27.20 லட்சம், மிச்சம் 192 மாதம். வட்டி 9.5-லிருந்து 8.25 ஆனால், அதே தவணையில் 165 மாதத்தில் கடன் முடிந்துவிடும். இரண்டேகால் ஆண்டு மிச்சம். தவணையைக் குறைக்கச் சொன்னால் அது 25,557 ஆகும், ஆனால் காலம் குறையாது.

ஆகவே தவணை குறையாததற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஐம்பதை நெருங்குபவருக்குப் பெரும்பாலும் அதுதான் நல்லது. கடைசித் தவணைத் தேதி உண்மையிலேயே முன்னால் வந்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வங்கியில் கேட்டு வாங்க வேண்டியவை

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் கொடுத்த உத்தரவின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்வு செய்யும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2025 அக்டோபர் முதல் அதைக் கொடுப்பது வங்கியின் விருப்பம். காலாண்டுக்கு ஒரு முறை, இதுவரை அசலில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு கழிந்தது, இன்னும் எத்தனை தவணை பாக்கி, ஆண்டு வட்டி எவ்வளவு என்ற விவரத்தைத் தர வேண்டும். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் கிளையில் பேச்சு நகரும்.

இன்னொன்றும் கேளுங்கள். புதிதாக வருபவருக்கு இன்று என்ன வட்டி? உங்களுடையதைவிட அரை சதவீதம் குறைவாக இருந்தால், ஒரு கட்டணம் கட்டி அதே வங்கியிலேயே மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. இது 2012 முதலே நடைமுறையில் இருக்கிறது.

கொங்குப் பகுதியில் இது கூடுதலாக இறுக்குவது ஏன்

இங்கே வருமானம் வரும் விதம் வேறு. திருப்பூரில் ஆர்டர், கரூரில் ஏற்றுமதி, சோமனூர்-பல்லடத்தில் தறிக்கூலி, கோவையில் பவுண்டரிக்கும் பம்புக்கும் ஜாப் ஒர்க், நாமக்கல்லில் முட்டை விலை, பொள்ளாச்சியில் தேங்காய் விலை. நல்ல வருடத்தில் கை நிறையும், மோசமான வருடத்தில் சம்பளம் போடுவதே பாடாகும். 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது, அந்தச் சந்தையை நம்பிய பனியன் தொழிற்சாலைகளில் ஆர்டர்கள் நின்றன. தவணைத் தேதி மட்டும் நிற்கவில்லை.

ஏறி இறங்கும் வருமானத்தில் ஏறி இறங்காத தவணையைச் சுமப்பவருக்கு முதல் தேவை ஆறு மாதத் தவணையாவது கையில் தனியாக இருப்பது. தொழிலில் போட்ட பணம் இந்தக் கணக்கில் சேராது. ஆர்டர் நிற்கும் அதே மாதத்தில்தான் தொழிலும் பணம் கேட்கும்.

இரண்டாவது, சொத்து என்றால் இங்கே நிலம், காடு (மானாவாரி நிலம்), தோட்டம், சைட் (வீட்டு மனை). சேமிப்பு என்றாலும் அவைதான். ‘நாலு சென்ட் வாங்கிப் போட்டா அது பாத்துக்கும்ங்க’ என்பது கேட்டுப் பழகிய பேச்சு. அந்த நம்பிக்கை வெறும் ஆசையல்ல. அவிநாசி, அன்னூர், சூலூர், சரவணம்பட்டிப் பக்கம் கிரையம் வாங்கிய எத்தனையோ குடும்பங்களின் அனுபவம் அது. ஆனால் 70 வயதில் மருந்துக்கும் மளிகைக்கும் வேண்டியது மாதப் பணம். நிலம் அதைத் தராது. விற்றால்தான் தரும். அவசரத்தில் விற்கப் போனால் கேட்கும் விலை கிடைக்காது. சொத்து உண்டு, காசு இல்லை என்று முதுமையில் தவிக்கும் குடும்பங்களை இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. வாழ்நாள் முழுக்க உழைத்ததெல்லாம் கல்லும் மண்ணுமாக மாறி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பின் வருவது எவ்வளவு

பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் பலர் ‘பென்ஷன் வரும்’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பென்ஷன் எவ்வளவு என்று கணக்கிட்டவர்கள் குறைவு. சூத்திரம் எளிது: பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து உள்ள உச்சவரம்பு 15,000 ரூபாய். 2015-ல் சேர்ந்து 2033-ல் 58 வயதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு 18 ஆண்டுப் பணி. உச்சவரம்புச் சம்பளத்தையே எடுத்துக்கொண்டாலும் மாதம் 3,857 ரூபாய். கையில் வரும் உண்மைச் சம்பளம் பின்னாளில் 40,000 ஆக உயர்ந்திருந்தாலும் இதுதான். ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப இது கூடுவதும் இல்லை. பத்து ஆண்டு பணி நிறைவு செய்யாதவருக்கு மாதப் பென்ஷனே கிடையாது. திருப்பூரில் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறும்போது பழைய பி.எஃப். கணக்கை மாற்றாமல் பணத்தை எடுத்துவிடுபவர்கள் இழப்பது இந்தப் பத்தாண்டுக் கணக்கைத்தான்.

செலவுப் பக்கம் பார்ப்போம். இன்று 45 வயதுக் குடும்பம் ஒன்று தவணையும் பிள்ளைகள் படிப்பும் போக, சாப்பாடு, மின்சாரம், மருந்து, விசேஷம், மொய் என்று மாதம் 25,000 செலவழிக்கிறது என்று வையுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அதே வாழ்க்கைக்கு 60 வயதில் மாதம் 60,000 ரூபாய் வேண்டும், ஆண்டுக்கு 7.2 லட்சம். சேமிப்புக்கு வரும் வட்டி விலைவாசி ஏற்றத்துக்கு மட்டும் ஈடாகும் என்று எடுத்துக்கொண்டால், 85 வயதுவரை 25 ஆண்டுக்கு 1.8 கோடி.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முழுவதையும் பணமாகச் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டியதில்லை. சொந்த வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது, வாடகை வரும் சொத்து ஒரு பங்கைச் சுமக்கும். ஆனால் அந்த 60,000 ரூபாயோடு 25,000 ரூபாய் வீட்டுத் தவணையும் 61-க்கு மேல் தொடர்ந்தால் எதுவும் தாங்காது. என் கருத்து உறுதியானது: வருமானம் நிற்கும் வயதைத் தாண்டி ஒரு தவணைகூடப் போகக் கூடாது. வாடகையே முழுத் தவணையையும் கட்டிவிடும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

நாற்பது வயது ஒரு எல்லைக்கோடு. மாதம் 1,000 முதல் 5,000 வரை பென்ஷன் தரும் அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது. அதைத் தவறவிட்ட சுயதொழில்காரருக்கு பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதி, தேசிய பென்ஷன் திட்டம் இரண்டும் இருக்கின்றன. 60 வயதுக்குப் பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அதில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போடலாம். சேரும் அன்றைய வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது.

தாமதமாகத் தொடங்கினால் என்ன ஆகும்? மாதம் 10,000 ரூபாய், 8.25 சதவீதத்தில், 45 வயதில் தொடங்கினால் 60-ல் சுமார் 35 லட்சம். 50-ல் தொடங்கினால் சுமார் 18.5 லட்சம். ஐந்து ஆண்டுத் தாமதம் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடுகிறது.

தாமதமாகிவிட்டது என்ற பதற்றம் வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும். 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. மாதாமாதம் உறுதியான பணம் என்ற ஒரே வாக்கை நம்பிப் போட்டவர்களின் பணம் அதோடு போனது. வங்கி தரும் வட்டியைப்போல் மூன்று நான்கு மடங்கு தருவதாக யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், அங்கே ஓய்வுப் பணம் போகக் கூடாது. சீட்டும் அப்படித்தான். 1982-ம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி பதிவான சீட்டு வேறு, தெருவில் நடக்கும் சீட்டு வேறு.

கையில் கொஞ்சம் பணம் வந்தால் எங்கே போடுவது

போனஸோ, சீட்டுப் பணமோ, காட்டை விற்ற பணமோ வந்தால் கடனை அடைப்பதா சேமிப்பதா என்ற கேள்வி வரும். நான் சொல்லும் வரிசை இது.

1. ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும். இதை வங்கி வைப்பிலேயே வையுங்கள். வட்டி குறைவுதான், ஆனாலும் வேண்டும்.

2. கடனுக்கு ஈடான டெர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் காப்பீட்டைப் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதன் பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிட்டால் அதற்கும் இருபது ஆண்டு வட்டி கட்டுவீர்கள்.

3. அதிக வட்டிக் கடன்கள்: கந்துவட்டி, கிரெடிட் கார்டு, தனிநபர் கடன். வீட்டுக் கடனுக்கு முன் இவை அடைபட வேண்டும்.

4. அதற்குப் பிறகு வீட்டுக் கடனின் அசல். 8.5 சதவீதக் கடனில் ஒரு லட்சம் கட்டினால், 8.5 சதவீதம் உறுதியாகக் கிடைப்பதற்குச் சமம். வங்கி வைப்பு அதைத் தராது, அந்த வட்டிக்கு வருமான வரியும் உண்டு.

வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருக்கலாம் என்ற பழைய ஆலோசனை இப்போது பலருக்குப் பொருந்தாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பான முறை. அதில், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்குத்தான் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு.

வியாபாரிகளுக்கு ஒரு வசதி பொருந்தும். சில வங்கிகளில் வீட்டுக் கடனை ஓவர் டிராப்ட் கணக்காக எடுக்கலாம். உபரிப் பணத்தை அதில் போட்டு வைத்தால் அந்த நாட்களுக்கு அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. நூலுக்கோ கூலிக்கோ தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். வட்டி விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆர்டர் பணம் மொத்தமாக வந்து மெதுவாக வெளியே போகும் தொழிலுக்கு அது தகும்.

எதைச் செய்தாலும் பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டில் போடுவதற்கு முன் ஒரு முறை நின்று யோசியுங்கள். 45 வயதில் எடுக்கும் 5 லட்சம், 8.25 சதவீத வட்டியில் 58 வயதுவரை விட்டிருந்தால் 14 லட்சம் ஆகியிருக்கும். வீடு வாங்கும்போது இந்தச் சலனம் வருவதற்கும் காரணம் உண்டு. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 40 லட்சம்தான் தர முடியும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், 4.5 லட்சம், அந்தக் கடனில் சேராது. ஆக 14.5 லட்சம் கைப்பணம் வேண்டும். அது இல்லாமல்தான் பி.எஃப்.-ஐயும் நகையையும் தொடுகிறார்கள். அப்படித் தொட வேண்டியிருந்தால், வீட்டின் அளவைக் குறைப்பதையே நான் சொல்வேன்.

இரண்டாவது வீடு, சைட், லைன் வீடு

ஐம்பதில் இரண்டாவது சொத்துக்குக் கடன் வாங்குபவர்கள் ஒரு வகுத்தல் போட்டால் போதும். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம். அது 3 சதவீதம். கடன் வட்டி 8.5. இடைவெளி முழுவதையும் விலை ஏற்றம் நிரப்பியாக வேண்டும்.

தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட வரிசையாகக் கட்டும் லைன் வீடு இதைவிடக் கூடுதல் வாடகை தரும். போட்ட முதலுக்கு வரும் பணம் என்று பார்த்தால் இந்தப் பகுதியின் சிறந்த ஓய்வு வருமானங்களில் ஒன்று. ஆனால் குடியிருப்பவரின் வேலையைச் சார்ந்தது அது. 2020 பொதுமுடக்கத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது வரிசை வரிசையாகப் பூட்டுத் தொங்கியதைப் பார்த்தவர்கள் அதன் வாடகையை மட்டும் நம்பிக் கடன் வாங்க மாட்டார்கள்.

சைட் வாங்குபவர் கவனிக்க வேண்டியது அங்கீகாரம். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. பிறகு 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்கப்பட்டு இன்னும் வரன்முறை ஆகாமல் கிடக்கும் மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வாங்க வருபவருக்குக் கடன் கிடைக்காத மனையை 65 வயதில் நீங்கள் யாரிடம் விற்பீர்கள்?

மகனைக் கடனில் சேர்ப்பதும், வீட்டை எழுதிக் கொடுப்பதும்

வயது வரம்பு தடுக்கும்போது வங்கியே சொல்லும் வழி, மகனை இணைக் கடன்தாரராகச் சேர்ப்பது. காலம் நீளும், கடன் தொகையும் கூடும். இதன் விளைவுகளை மகனிடம் உட்கார்ந்து பேசிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். முழுக் கடனுக்கும் அவன் பொறுப்பாளி. தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா என்று காட்டும் அவனுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளை அவன் பெங்களூரிலோ கோவையிலோ தனக்கென வீடு வாங்கப் போனால், இந்தக் கடன் அவன் தகுதியிலிருந்து கழிக்கப்படும். வீட்டில் அவனுக்கு மட்டும் பங்கு என்றால் மகளின் பங்கு என்ன என்பதையும் அன்றே பேசிவிடுவது நல்லது.

இன்னொரு பழக்கம், உயிரோடிருக்கும்போதே வீட்டைச் செட்டில்மென்ட் பத்திரம் மூலம் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது. ஓய்வுக் கால வருமானம் போதாதவர்கள் இதில் அவசரப்படக் கூடாது. 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய வழி இருக்கிறது. நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் வழக்கு நேராக நிற்கும். ‘எம்பையன் அப்படி உட்டுருவானா’ என்று வாய்வார்த்தையில் விடுவதைவிட, நிபந்தனையையும் ஆயுட்கால அனுபவ உரிமையையும் பத்திரத்தில் சேர்ப்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. உயில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது, உயிரோடிருக்கும்வரை சொத்து உங்களுடையது.

சொந்த வீடு இருந்து மாத வருமானம் இல்லாதவர்களுக்கு 2007 முதல் தலைகீழ் அடமானக் கடன் என்ற ஏற்பாடு இருக்கிறது. 60 வயது தாண்டியவரின் வீட்டை ஈடாக வைத்து வங்கி மாதாமாதம் பணம் கொடுக்கும். அவர் காலம்வரை அதே வீட்டில் இருக்கலாம், உயிரோடிருக்கும்போது திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பின்னர் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்று மீதியைத் தரும். ஆனால் சுயமாகச் சம்பாதித்த, குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். பங்கு பிரிக்காத பூர்வீகத் தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) வைத்து இதைப் பெற முடியாது. ஐம்பதிலேயே பாகப் பிரிவினையும் பட்டா மாற்றமும் முடித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடன் முடிந்த அன்று

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி. என்று, பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்ததைக் காட்டும் ஒரு ஆவணம் பதிவாகியிருக்கும். கடனில்லாச் சான்று மட்டும் வாங்கினால் அது நீங்காது. வங்கி அதிகாரியோடு சென்று, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்த பிறகு, வில்லங்கச் சான்று ஒன்று போட்டு, அதில் ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவை விட்டுவிட்டவர்களின் பிள்ளைகள், பத்து ஆண்டு கழித்துப் பாகம் பிரிக்கும்போது, பெயரே மாறிப்போன வங்கியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.